கொல்லையில் ஸ்வீட் கார்ன் போடப் போறீங்களா? விதை வாங்கும் முன் இதைப் படிச்சிடுங்க!

உத்திரமேரூர் பக்கம் ஒரு விதைக் கடையில் போய், "அண்ணே, ஸ்வீட் கார்ன் விதை இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். "இருக்குப்பா, எத்தனை பாக்கெட்?" என்பதுதான் பதிலாக வரும். "எந்த வகை வேணும்?" என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. தக்காளி, கத்திரி என்றால் நாட்டு ரகமா, ஹைப்ரிடா என்று பத்து கேள்வி கேட்கிற நாம், ஸ்வீட் கார்னை மட்டும் ஏதோ ஒரே ஒரு செடி மாதிரி நினைத்துக்கொள்கிறோம்.

ஆன்லைனில் தேடினால் கதையே வேறு. சுகர் 75, ஹை-பிரிக்ஸ், கோல்டன் பான்டம், வானவில் கலரில் முத்துகள் மின்னும் ஏதோ ஒன்று... எல்லாவற்றுக்கும் ஐந்து ஸ்டார். எதை வாங்குவது?

சாலவாக்கம் மாதிரி ஊர்களில் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் கொல்லை, ஒரு போர் அல்லது கிணறு, மாட்டுச் சாணத்துக்குப் பஞ்சமில்லை. ஸ்வீட் கார்னுக்கு இதைவிட நல்ல இடம் வேண்டாம். ஆனால், விதை போட்டு கதிர் ஒடிக்க 75 முதல் 85 நாள் ஆகும். அத்தனை நாள் தண்ணீர் ஊற்றிவிட்டு, கடைசியில் பல் இல்லாத கிழவர் வாய் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக முத்து வைத்த கதிரை உரித்தால் எப்படி இருக்கும்? அந்த ஏமாற்றத்தில் பெரும்பகுதி, விதை வாங்கும்போதே முடிவாகிவிடுகிற விஷயம்.

இனிப்பு எங்கிருந்து வருது?

பத்தாம் வகுப்பில் மெண்டலின் பட்டாணி படித்தது ஞாபகம் இருக்கா? உருண்டை விதை, சுருங்கிய விதை. அந்தச் சுருங்கிய பட்டாணியில், சர்க்கரையை ஸ்டார்ச்சாக மாற்றும் வேலை சரியாக நடப்பதில்லை. அதனால் சர்க்கரையும் தண்ணீரும் அதிகம் தங்கி, காயும்போது விதை சுருங்கிவிடுகிறது. ஸ்வீட் கார்ன் கதையும் கிட்டத்தட்ட இதேதான்.

கோழித்தீவனத்துக்குப் போகிற சாதாரண மக்காச்சோளத்தில், இலையிலிருந்து வரும் சர்க்கரை முத்துக்குள் போய் மளமளவென்று ஸ்டார்ச்சாக மாறிவிடும். ஸ்வீட் கார்னில் இந்த ஃபேக்டரியில் ஏதோ ஒரு மெஷின் பழுது. எந்த மெஷின் பழுது என்பதைப் பொறுத்துத்தான் வகை. முக்கியமாக மூன்று.

முதல் வகை, பழைய ஸ்வீட் கார்ன். விஞ்ஞானிகள் இதன் ஜீனை 'எஸ்.யு' என்பார்கள். அமெரிக்கப் பழங்குடிகளான இராக்வா மக்களிடம் இருந்த ஒரு ரகம், 1779-ல் வெள்ளையர்கள் கைக்கு வந்தது என்கிறது வரலாறு. இதில் ஸ்டார்ச் உருவாகும் கடைசிக் கட்டத்தில்தான் கோளாறு. அதனால் சர்க்கரையோடு கொழகொழவென்று கரையக்கூடிய ஒரு மாவுப்பொருளும் சேர்கிறது. கடித்தால் பால்கோவா பதம். 1902-ல் அமெரிக்காவின் பர்பி விதை நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த கோல்டன் பான்டம் இந்த வகைதான். இன்றைக்கும் ஹெயர்லூம் விதை விற்கும் ஆன்லைன் கடைகளில் அந்தப் பெயர் கண்ணில் படும்.

இதன் பெரிய பிரச்னை, நேரம். ஒடித்த நொடியிலிருந்தே சர்க்கரை ஸ்டார்ச்சாக மாற ஆரம்பித்துவிடும். நம்ம ஊர் 30 டிகிரி வெயிலில் ஒரே நாளில் பாதிக்கு மேல் இனிப்பு காலி.

இரண்டாவது 'எஸ்.இ'. பழைய வகையிலேயே இன்னொரு ஜீனும் சேர்ந்து, இனிப்பைக் கூட்டி, தோலை மெல்லிசாக்கிய வகை. அமெரிக்க வீட்டுத் தோட்டக்காரர்களின் செல்லப்பிள்ளை. நம்ம ஊர் விதைக் கடைகளில் பார்ப்பது அபூர்வம் என்பதால் இதோடு விட்டுவிடலாம்.

மூன்றாவதுதான் சூப்பர் ஸ்வீட். 'எஸ்.ஹெச்.2' என்ற ஜீன். இதில் ஸ்டார்ச் ஃபேக்டரியின் முதல் கேட்டையே பூட்டியாச்சு. உள்ளே வந்த சர்க்கரை சர்க்கரையாகவே நிற்கும். பழைய வகையைவிட இரண்டு மடங்குக்கு மேல் இனிப்பு. ஒடித்து ஃப்ரிட்ஜில் வைத்தால் பல நாள் இனிப்பு குறையாமல் இருக்கும். ஆனால் அந்தக் கொழகொழப்பு கிடையாது. மொறுமொறுவென்று, தண்ணீர்ச் சத்தோடு இருக்கும்.

இதைக் கண்டுபிடித்த கதை சுவாரஸ்யமானது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மக்காச்சோள மரபியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஜான் லாஃப்னன், 1950-களில் சுருங்கிப்போன முத்து ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தார். அநியாயத்துக்கு இனிப்பு. விதைக் கம்பெனிகள் முதலில் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1961-ல் 'இல்லினி எக்ஸ்ட்ரா ஸ்வீட்' என்ற ரகம் வந்த பிறகுதான் சூப்பர் ஸ்வீட்டின் காலம் பிறந்தது. இன்றைக்கு மால்களில் வெண்ணெய், மசாலா போட்டு கப்பில் தருகிறார்களே, அது இந்தக் குடும்பம்தான்.

"இவ்வளவு இனிப்பா இருக்கே, ஜீன் மாத்தினதா இருக்குமோ?" என்ற சந்தேகம் வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும். இல்லை. இதெல்லாம் இயற்கையாகவே நடந்த மாற்றம். மனிதன் தேர்ந்தெடுத்துப் பெருக்கியது. இந்தியாவில் மரபணு மாற்றிய மக்காச்சோளம் பயிரிட அனுமதியே இல்லை.

விதையே சொல்லிடும்

பாக்கெட்டில் ஜீன் பெயர் போட்டிருக்க மாட்டார்கள். பரவாயில்லை, பத்து விதையை உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். வழவழவென்று, கெட்டியாக, குண்டாக இருந்தால் அது தீவன மக்காச்சோளம். 'ஸ்வீட் கார்ன்' என்று சொல்லி அதைத் தந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சுருங்கி, ஆனால் கண்ணாடி மாதிரி கொஞ்சம் பளபளப்போடு இருந்தால் பழைய எஸ்.யு வகை. காற்று போன பலூன் மாதிரி ஒடுங்கி, ஊதினால் பறந்துவிடும் எடையில் இருந்தால் சூப்பர் ஸ்வீட்.

அந்த ஒடுங்கிய விதையைப் பார்த்து, "பழைய சரக்கைத் தலையில கட்டிட்டாங்க" என்று நினைக்க வேண்டாம். அது அப்படித்தான் இருக்கும். ஆனால் அதில் ஒரு சங்கதி உண்டு. முளைக்கிற குஞ்சுக்குச் சாப்பாடு அந்த ஸ்டார்ச்தான். சூப்பர் ஸ்வீட்டில் ஸ்டார்ச் குறைவு என்பதால் முளைக்கும் சக்தியும் குறைவு. ஆழமாகப் புதைத்தால் மேலே வர முடியாமல் மண்ணுக்குள்ளேயே அழுகும். 1 அங்குல ஆழம் போதும். குழிக்கு இரண்டு விதை போட்டு, பிறகு ஒன்றைப் பிடுங்கிவிடலாம். பாட்டி சொன்னபடி ராத்திரி முழுக்க ஊறவைத்து நடும் வேலை இந்த விதைக்கு வேண்டாம். வேகமாகத் தண்ணீரை உறிஞ்சி, விதை உள்ளுக்குள் வெடித்துக் கெட்டுப்போகும். ஈரமண்ணில் நட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும்.

பாக்கெட்டில் முளைப்புத்திறன் சதவிகிதமும், சோதித்த தேதியும், காலாவதி தேதியும் இருக்கும். அதைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். விதை ரோஸ் கலரிலோ சிவப்பிலோ இருந்தால் மருந்து கலந்தது. குழந்தைகள் கையில் தர வேண்டாம்.

ஹைப்ரிடா, காம்போசிட்டா?

கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது தனியார் ஹைப்ரிட்கள். சின்ஜென்டாவின் சுகர் 75, அட்வான்டாவின் ஹை-பிரிக்ஸ் வரிசை எல்லாம் இந்தக் கூட்டம். செடிகள் ஒரே உயரம், ஒரே நேரத்தில் பூ, ஒரே அளவு கதிர். வியாபாரத்துக்குப் போடும் விவசாயிக்கு இது வரம். லாரி வரும் நாளில் எல்லாக் கதிரும் ரெடியாக இருக்கும். நம்ம வீட்டுக்கு? 16 செடியும் ஒரே வாரத்தில் விளைந்து நின்றால், அந்த வாரம் முழுக்க மூன்று வேளையும் சோளம்தான். ஹைப்ரிட் வாங்கினால் பாதி விதையை இன்றைக்கும் மீதியைப் பதினைந்து நாள் கழித்தும் போடுங்கள்.

இன்னொன்று, ஹைப்ரிட் கதிரிலிருந்து விதை எடுத்துப் போட்டால் அடுத்த முறை அதே செடி வராது. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை என்று சிதறும்.

விதை எடுத்து வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இருப்பது 'காம்போசிட்' ரகங்கள். ஹைதராபாத்தில் உருவான மாதுரி, பிரியா இரண்டும் அப்படிப்பட்டவை. கதிர் அளவில் ஹைப்ரிடோடு போட்டி போட முடியாது. ஒரே நேரத்தில் விளையவும் விளையாது. அதுதான் வீட்டுக்கு வசதி என்பது என் கட்சி. தினம் இரண்டு கதிர், மூன்று கதிர் என்று ஒடிக்கலாம். டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 'பூசா சூப்பர் ஸ்வீட் கார்ன்' என்ற பெயரில் ஹைப்ரிட்கள் வெளியிட்டிருக்கிறது. ஆனால் இவையெல்லாம் தெருமுனைக் கடையில் தொங்காது. வேளாண் அறிவியல் நிலையத்திலோ வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ கேட்டுப் பார்க்க வேண்டும்.

காம்போசிட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. மக்காச்சோளம் அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர். பத்து, பதினாறு செடிக்குள்ளேயே திரும்பத் திரும்ப விதை எடுத்தால் சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் செய்கிற கதைதான். சில தலைமுறையில் செடி சோனியாகிவிடும். தெருவில் நாலு வீட்டில் ஒரே ரகத்தைப் போட்டு, விதையைக் கலந்து பங்கு போட்டுக்கொண்டால் இந்தச் சிக்கல் பெருமளவு தள்ளிப்போகும்.

நாலு வீட்டிலும் 'ஒரே ரகம்' என்பது முக்கியம். ஏன் என்று பார்ப்போம்.

இனிப்பும் இனிப்பும் சேர்ந்தால்...

இதைக் கேட்டால் பலர் நம்ப மாட்டார்கள். கோல்டன் பான்டம் ஒரு வரிசை, சூப்பர் ஸ்வீட் ஒரு வரிசை என்று பக்கத்துப் பக்கத்தில் போட்டு, இரண்டும் ஒரே நேரத்தில் பூத்தால், இரண்டு கதிரிலும் சப்பென்ற, மாவான முத்துகள் வரும். பழைய வகையில் பழுதான மெஷின், சூப்பர் ஸ்வீட்டில் நன்றாக ஓடுகிறது. சூப்பர் ஸ்வீட்டில் பழுதானது, பழைய வகையில் ஓடுகிறது. மகரந்தம் கலந்ததும் ஒன்றின் குறையை மற்றது சரிசெய்து, ஸ்டார்ச் ஃபேக்டரி ஃபுல் ஸ்பீடில் ஓட ஆரம்பித்துவிடும். மற்ற காய்கறிகளில் இப்படி நடந்தாலும் அடுத்த தலைமுறையில்தான் தெரியும். இதில் நாம் சாப்பிடுவதே விதை என்பதால், இந்த வருஷக் கதிரிலேயே தெரிந்துவிடும்.

தீவன மக்காச்சோளத்தின் மகரந்தம் பட்டாலும் இதே கதைதான். மகரந்தம் காற்றில் பறப்பது. வீட்டுத் தேவைக்குக் குறைந்தது 250 அடி தள்ளியிருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. இல்லையென்றால், பூக்கும் நாள் இரண்டு வாரமாவது தள்ளிப்போகிற மாதிரி விதைக்க வேண்டும்.

இங்கே சாலவாக்கம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு லக். தீவன மக்காச்சோளம் ஏக்கர் கணக்கில் நிற்பது பெரம்பலூர், அரியலூர், சேலம், திண்டுக்கல் பக்கம். அங்கே கொல்லையில் ஸ்வீட் கார்ன் போட்டால் சுற்றிலும் எதிரி மகரந்தம். நம்ம பக்கம் ஏரிப்பாசன நெல்லும் வேர்க்கடலையும்தான் பிரதானம். கொல்லைக்கு அடுத்த கழனியில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும். வானவில் கலர் சோளத்தை மட்டும் ஆசைப்பட்டு அதே கொல்லையில் போட்டுவிடாதீர்கள். 'கிளாஸ் ஜெம்' என்று விற்கிற அது பொரிக்கவும் மாவரைக்கவும் ஆன ரகம். ஸ்வீட் கார்னே இல்லை. பொதுவாகவே முத்தின் கலருக்கும் இனிப்புக்கும் சம்பந்தமில்லை.

ஒரே வரிசையில் நடாதீங்க

வேலி ஓரமாக ஒரு நீள வரிசை. பார்க்க அழகு, கதிரில் பாதி பொக்கை. செடியின் உச்சியில் விரிவது ஆண் பூ. கதிர் நுனியில் தொங்கும் மீசைதான் பெண் பூவின் பட்டு நூல். ஒவ்வொரு நூலும் ஒரு முத்துக்குப் போகிறது. நூலில் மகரந்தம் விழவில்லை என்றால் அந்த இடம் காலி. ஒற்றை வரிசையில் நட்டால் மகரந்தம் காற்றோடு பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

அதனால் சதுரமாக நடுங்கள். 4 வரிசை, வரிசைக்கு 4 செடி. வரிசைக்கு வரிசை 2 அடி, செடிக்குச் செடி 1 அடிக்குக் கொஞ்சம் குறைவாக விட்டால் போதும். மாடித்தோட்டம் என்றால் பெரிய குரோ பேக்குக்கு இரண்டு செடி வைத்து, பைகளை நெருக்கி ஒரே இடத்தில் அடுக்குங்கள். அப்படியும் சந்தேகமாக இருந்தால், பூக்கும் நாள்களில் காலை 7 மணியிலிருந்து 10 மணிக்குள் ஆண் பூவை ஒரு காகிதப் பையில் உதறி, மீசைகள் மேல் தூவிவிடுங்கள். நாலைந்து நாள் செய்தால் கதிர் நிறையும்.

ஒரு செடிக்கு ஒரு நல்ல கதிர், சில செடியில் இரண்டாவதாக ஒரு சின்னக் கதிர். அவ்வளவுதான் மகசூல். 16 செடிக்கு 16 முதல் 20 கதிர். காசு மிச்சம் பிடிக்கிற கணக்கு இதில் ஓடாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இடமே இல்லை, நாலு செடிதான் வைக்க முடியும் என்றால்? பேபி கார்ன் போடுங்கள். மீசை எட்டிப்பார்த்த ஒன்றிரண்டு நாளில், மகரந்தம் சேரும் முன்பே ஒடிப்பதுதான் பேபி கார்ன். அதற்கு மகரந்தமும் வேண்டாம், சதுரமும் வேண்டாம், பக்கத்து வயல் கவலையும் வேண்டாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ.பி.சி 1 இதற்கென்றே வந்த ரகம்.

எப்போ விதைக்கணும்?

ரகத்தைவிட முக்கியம் என்று கூடச் சொல்வேன். விதைத்த 50 நாளை ஒட்டிப் பூக்கும். அந்தச் சமயம் 35 டிகிரிக்கு மேல் வறண்ட காற்றடித்தால் மகரந்தம் செத்துப்போகும், மீசை காய்ந்துபோகும். அந்தச் சமயம் அடைமழை பிடித்தால் மகரந்தம் கழுவிப்போகும். தண்ணீர் தேங்கினால் வேரும் போகும்.

காஞ்சிபுரம் வானிலைக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் இரண்டு ஜன்னல்தான் திறந்திருக்கிறது. ஆடிப் பட்டத்தில், ஜூலை நடுவில் போட்டால் செப்டம்பர் முதலில் பூத்து, வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் முன் கதிர் ஒடித்துவிடலாம். தை பிறந்ததும் போட்டால் மார்ச்சில் பூக்கும். கத்திரி வெயிலுக்கு முன்பே முடிந்துவிடும். தையைத் தள்ளிப்போட்டு மாசியில் போட்டால் ரிஸ்க். புரட்டாசியில் போட்டு நவம்பர் மழையில் பூக்கவிடுவது, எந்த ரகமாக இருந்தாலும் வேஸ்ட்.

சோளம் பெருந்தீனிக்காரன். நன்றாக மக்கிய சாணி எருவை மண்ணோடு கலந்துவிட்டு, செடி முழங்கால் உயரம் வரும்போது ஒருமுறையும், ஆண் பூ எட்டிப்பார்க்கும்போது ஒருமுறையும் கடலைப் புண்ணாக்குக் கரைசல் கொடுங்கள். பூக்கும் சமயம் மட்டும் தண்ணீரில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள்.

இனிப்பு ரகம் என்பதால் தொல்லைகளும் அதிகம். முளைக்கும்போது மயில் கிளறும், விளையும்போது கிளியும் அணிலும் வரும். இவற்றையெல்லாம்விட மோசமான வில்லன் படைப்புழு. அமெரிக்கக் கண்டத்துப் புழுவான இது, இந்தியாவில் முதன்முதலில் 2018 மே மாதம் கர்நாடகாவின் சிவமொக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. அதே வருஷம் தமிழ்நாட்டு மக்காச்சோளத்தையும் ஒரு வழி பண்ணியது. இதில் சூப்பர் ஸ்வீட், பழைய வகை என்ற பாகுபாடெல்லாம் கிடையாது. குருத்துக்குள் உட்கார்ந்து தின்னும். இலையில் வரிசையாக ஓட்டையும், குருத்தில் மரத்தூள் மாதிரி எச்சமும் இருந்தால் அதுதான். 16 செடிக்கு மருந்துக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. தினம் காலையில் குருத்தைப் பிரித்துப் பாருங்கள். இலை மேல் பஞ்சு போர்த்திய மாதிரி இருக்கும் முட்டைக் குவியலை நசுக்குங்கள். முதல் ஒரு மாதம், 9 பங்கு மணலுக்கு 1 பங்கு சுண்ணாம்புத்தூள் கலந்து குருத்துக்குள் ஒரு சிட்டிகை போடலாம்.

அப்போ எதைத்தான் வாங்குறது?

ஊரில் அப்பா அம்மா வளர்த்து, சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளைக்கு சனிக்கிழமை பஸ்ஸில் கொடுத்தனுப்பப் போகிறார்கள் என்றால், சூப்பர் ஸ்வீட் ஹைப்ரிட்தான். தாம்பரம் தாண்டினாலும் இனிப்பு இருக்கும். கொல்லையில் ஒடித்து அப்படியே அடுப்பில் போடும் வீடு என்றால், அந்த 'பல நாள் தாங்கும்' பெருமைக்கு அர்த்தமே இல்லை. அது வியாபாரிக்காக உருவான குணம். அவர்களுக்கு காம்போசிட் கிடைத்தால் காம்போசிட். பால்கோவா பதம் பிடிக்கும் என்றால், கோல்டன் பான்டத்தை ஒருமுறை முயன்று பார்க்கலாம். அது குளிர் தேசத்து ரகம், நம்ம வெயிலில் செடி குட்டையாகவே பூத்துவிட வாய்ப்பு இருக்கிறது என்பதையும் மனதில் வையுங்கள். மெரினாவில் எலுமிச்சை, மிளகாய்த்தூள் தேய்த்துத் தருகிற சுட்ட சோளத்தின் ருசிதான் வேண்டும் என்றால், ஸ்வீட் கார்னே வாங்காதீர்கள். அந்த மெல்லும் பதமும் கரி வாசனையும் சாதாரண மக்காச்சோளத்தை இளசாக ஒடித்தால்தான் வரும். சூப்பர் ஸ்வீட்டைக் கரியில் வாட்டினால் தண்ணீர் விட்டுச் சுருங்கும்.

மீசை வந்து சுமார் 18 நாள் கழித்துக் கதிரைத் தொட்டுப் பார்க்க ஆரம்பிக்கலாம். மீசை பழுப்பாகக் காய்ந்து, நுனி வரை கெட்டியாக இருந்தால், தோகையைக் கொஞ்சம் விலக்கி நகத்தால் ஒரு முத்தைக் குத்துங்கள். தெளிந்த தண்ணீர் வந்தால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். பால் வந்தால் இன்றைக்கே. மாவாக இருந்தால் லேட், சுண்டலுக்குத்தான். சூப்பர் ஸ்வீட்டில் பால் அவ்வளவு வெள்ளையாக இருக்காது என்பதால் முத்து நன்றாக உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒடிப்பது காலை வெயிலுக்கு முன்னால் இருக்கட்டும்.

கதிர் ஒடித்த பிறகும் தட்டை பச்சையாகத்தான் நிற்கும். காயவிட்டு எரிக்காதீர்கள். பூச்சிமருந்து எதுவும் அடிக்கவில்லை என்றால், நறுக்கி மாட்டுக்குப் போடலாம். எரு கொடுத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு, இரண்டு கதிரோடு சேர்த்து.